சீட் கிடைத்துவிட்டதா என்று ‘உள்ளே ஆள்’ மூலம் முன்பே கேட்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கவுன்சிலிங் முடியும் வரை தமிழ்நாட்டில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அங்கே உங்களுக்கு யாராவது தெரியுமா?” பள்ளியில் மேற்படிப்பு வழிகாட்டும் வேலையைப் பார்ப்பதால் எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே வரும். சீட் வாங்கித் தரச் சொல்பவர்கள் குறைவுதான். “கிடைச்சிருக்கா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார், அது போதும்” என்பவர்களே அதிகம். அப்படிக் கேட்பவர்களுக்காக எழுதியது இது.

உண்மையிலேயே தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

சில இடங்களில் முடியும், பல இடங்களில் முடியாது. முடிகிற இடத்திலும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. கல்லூரியே உட்கார்ந்து பட்டியல் போடும் இடங்களில், பட்டியல் தயாராகி ஒட்டப்படும் வரை இடையில் ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கும். அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரியும். கம்ப்யூட்டர் ஒதுக்கீடு செய்யும் கவுன்சிலிங்கில், முன்கூட்டித் தெரிந்துகொள்ள அங்கே எதுவுமே இருக்காது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான்.

என் சித்தப்பா தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தில் வேலை பார்க்கிறார். என் அலாட்மென்ட் அவருக்கு முன்பே தெரியும்தானே?

தெரியாது. சித்தப்பா மேல் குறை இல்லை, முறையே அப்படி.

பொறியியல் கவுன்சிலிங் 2018-இல் ஆன்லைனுக்கு மாறியது. 2019-லிருந்து அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பதிலாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அதற்கு முன்னால் கிண்டியில் மாணவரும் பெற்றோரும் நேரில் உட்கார்ந்து, திரையில் காலி இடங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது ஒரு சுற்றில் இருக்கும் மாணவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே கல்லூரிகளை வரிசையாகப் போட்டு வைக்கிறார்கள். கடைசி நாள் மாலை வரை அந்த வரிசையை மாற்றலாம். பலர் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் மாற்றவும் செய்கிறார்கள்.

உனக்கு என்ன கிடைக்கும் என்பது உன் ரேங்கோடு முடிகிற கணக்கு இல்லை. உனக்கு முன்னால் இருப்பவர்கள் எதை எடுக்கிறார்கள் என்பதும் அதில் சேரும். அவர்கள் வரிசை பூட்டப்படாத வரை விடை என்று ஒன்று உலகத்தில் இல்லை. பூட்டிய பிறகு கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது, மறுநாளே தற்காலிக ஒதுக்கீடு உன் லாகினில் வந்துவிடுகிறது. ஆக, சித்தப்பா முந்திக்கொண்டால்கூட அது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்துக்காக அவர் வேலையைப் பணயம் வைக்கச் சொல்வது நியாயமா என்று நீயே யோசி.

ரேங்க் லிஸ்ட் வருவதற்கு முன்பே “உங்க பையனுக்கு இத்தனையாவது ரேங்க்” என்று ஒருவர் சொன்னார். எப்படி?

குத்துமதிப்பாக. போன வருடம் அதே கட்-ஆஃபுக்கு வந்த ரேங்கைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரே கட்-ஆஃபில் நூற்றுக்கணக்கானோர் இருக்கும்போது கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பார்கள். பிறந்த தேதி வரை போயும் பிரியவில்லை என்றால் கடைசியில் ரேண்டம் எண், அதாவது சமவாய்ப்பு எண். அது பத்து இலக்க எண், கம்ப்யூட்டர் கொடுப்பது. அதைச் சொல்லி “நல்ல நம்பரா போட்டுத் தரேன்” என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, ஆளே வேண்டாம். நானே எப்படிக் கணிப்பது?

இதுதான் உருப்படியான கேள்வி. முதலில் கட்-ஆஃப். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 89 என்றால் 92, 42, 44.5 மூன்றையும் கூட்டி 178.5. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

தவறு நடப்பது அடுத்த படியில். “போன வருஷம் அந்தக் கல்லூரி 176-க்கு முடிந்தது, எனக்கு 178.5, அதனால் கன்ஃபார்ம்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடக் கூடாது. கணிதத் தாள் ஒரு வருடம் சுலபமாக வந்து சென்டம் கூடினால் எல்லோருடைய கட்-ஆஃபும் சேர்ந்து மேலே போய்விடும். 178.5 அதேதான், ஆனால் உங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் சில ஆயிரம் பேர் கூடியிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது ரேங்கை. அதிலும் பொது ரேங்க், உங்கள் வகுப்புப் பிரிவு ரேங்க் இரண்டும் பட்டியலில் வரும், இரண்டையும் பாருங்கள். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எந்தப் பிரிவில் எங்கே முடிந்தது என்ற விவரம் கவுன்சிலிங் இணையதளத்திலேயே கிடைக்கும். ஒரே வருடத்தை நம்பாமல் இரண்டு மூன்று வருடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பிரிவு மேலே ஏறுகிறது, எது இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் கூட்டம் ஏறினால் சிவில், மெக்கானிக்கல் இறங்கும். இறங்குகிறது என்பதால் படிப்பு மட்டம் என்று அர்த்தமில்லை, நல்ல கல்லூரி கைக்கு எட்டுகிறது என்று அர்த்தம்.

அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தனியாகப் பட்டியல் வரும். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்த சட்டம் அது. அந்தப் பட்டியலில் உங்கள் இடம் எங்கே என்று பார்க்காமல் பொதுப் பட்டியலை மட்டும் பார்த்து மனம் உடைந்து போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

மருத்துவத்தில் “மார்க் இவ்வளவு, அரசுக் கல்லூரி நிச்சயம்” என்று கோச்சிங் சென்டரில் சொல்கிறார்கள்.

2024-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீட் முடிவு ஜூன் 14-இல் வரும் என்றிருந்தது, ஜூன் 4-இலேயே வந்துவிட்டது. முதலில் 67 பேர் 720-க்கு 720. வழக்குகள், கருணை மதிப்பெண் ரத்து, ஒரு கேள்விக்கான விடை திருத்தம் எல்லாம் முடிந்தபோது முழு மதிப்பெண் 17 பேருக்குத்தான் நின்றது. மேலே இருப்பவர்கள் நிலைமையே அப்படி என்றால் நடுவில் இருப்பவர் ரேங்க் எவ்வளவு நகர்ந்திருக்கும்? முந்தைய வருட மார்க்கை வைத்து அன்றைக்கு “நிச்சயம்” சொன்னவர்கள் எல்லோரும் பிறகு போனை எடுக்கவில்லை.

அகில இந்திய ஒதுக்கீட்டில் தற்காலிக முடிவில் பெயர் வந்துவிட்டது. இது நிச்சயம்தானே?

இல்லை. அது கவுன்சிலிங் நடத்துபவர்கள் அதிகாரபூர்வமாகவே முன்கூட்டிச் சொல்லும் செய்தி, அதற்குமேல் ஒன்றுமில்லை. தற்காலிக முடிவு மாறலாம், அதை வைத்து உரிமை கோர முடியாது என்று அதே அறிவிப்பில் எழுதியிருப்பார்கள். பிழை இருந்தால் சொல்ல நேரம் கொடுத்து, அதன் பிறகே இறுதி முடிவு. அலாட்மென்ட் கடிதம் டவுன்லோட் ஆன பிறகு ரயில் டிக்கெட் போடுங்கள்.

கலை அறிவியல் கல்லூரியில் வேலை பார்க்கும் உறவினர், “முதல் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு” என்று சொன்னார். பிறகு ஒட்டிய லிஸ்ட்டில் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு மாற்றிவிட்டார்களா?

மாற்றியிருக்கலாம், நான் எப்படி மறுக்க முடியும்? ஆனால் யாரும் தொடாமலே பெயர் விழுவதற்கு வழி உண்டு. அதைப் புரிந்துகொள்ள பட்டியல் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும்.

விண்ணப்பம் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் ஏற்றி மதிப்பெண் வரிசையில் அடுக்குவார்கள். முதலில் பொதுப் போட்டிக்கான 31 சதவீதம் நிரம்பும். அதில் சாதி பார்ப்பதில்லை, மேலிருந்து வரிசையாக யார் வருகிறார்களோ அவர்கள். அதன் பிறகு பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்று 69 சதவீதமும் நிரம்பும்.

இப்போது ஒரு எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்ட) மாணவி மறுகூட்டலில் மூன்று மதிப்பெண் கூடுதலாக வாங்கி வருகிறாள் என்று வையுங்கள். அவள் பொதுப் போட்டி இடங்களுக்குள் ஏறிவிடுகிறாள். அங்கே கடைசியில் இருந்தவர், பி.சி. மாணவர், கீழே இறங்கிப் பி.சி. பட்டியலின் உச்சிக்கு வருகிறார். பி.சி. பட்டியலில் ஏற்கெனவே இடம் நிரம்பியிருப்பதால் அதில் கடைசியாக இருந்தவர் வெளியே. அந்தக் கடைசி ஆள் நீங்களாக இருந்தால், உறவினர் திங்கட்கிழமை சொன்னதும் உண்மை, புதன்கிழமை ஒட்டிய பட்டியலும் உண்மை. இடையில் நடந்தது ஒரு மறுகூட்டல்.

சாதிச் சான்றிதழில் பெயர் எழுத்து மாறியிருப்பது, விளையாட்டு ஒதுக்கீட்டுச் சான்று தாமதமாக வருவது, ஒரே மாணவர் இரண்டு விண்ணப்பம் போட்டு ஒன்று நீக்கப்படுவது எல்லாமே பட்டியலை அசைக்கும். கையெழுத்து விழாத லிஸ்ட் வெறும் ஷீட்தான்.

வாட்ஸ்ஆப்பில் லிஸ்ட் போட்டோ வந்திருக்கிறது. நம்பலாமா?

கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றும் தெரிகிறதா? பெரும்பாலும் தலைப்பும் அடிப்பகுதியும் வெட்டப்பட்ட நடுத் துண்டுதான் சுற்றும். அது போன வருட லிஸ்ட்டாகவும் இருக்கலாம்.

தெரிந்தவர் “கன்ஃபார்ம்” என்று சொல்லிவிட்டார். இன்னொரு கல்லூரியில் கட்டிய இடத்தை கேன்சல் செய்யலாமா?

கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் கூடாது. வாய்ச் செய்தியை நம்பி மனசுக்குள் சந்தோஷப்படுங்கள், அதோடு நிறுத்துங்கள். கையில் இருக்கும் இடத்தை விடுவது, டிசி வாங்குவது, ஹாஸ்டல் அட்வான்ஸ் கட்டுவது, மற்ற கல்லூரி நேர்காணலுக்குப் போகாமல் இருப்பது ஆகிய நான்கும் உங்கள் பெயரில் ஆணை கைக்கு வந்த பிறகுதான்.

எனக்குத் தெரிந்து முன்கூட்டித் தெரிந்துகொண்டதால் லாபம் அடைந்தவர்களைவிட, அதை நம்பி அடுத்த கதவைச் சாத்திக்கொண்டு நின்றவர்கள்தான் அதிகம். “கிடைக்காது” என்ற வாய்ச் செய்திக்கும் இதே விதி. கிடைக்காது என்று யாரோ சொன்னதால் சான்றிதழ் சரிபார்ப்புக்கே போகாமல் விட்ட பிள்ளைகள் உண்டு. மூன்றாவது லிஸ்ட்டில் பெயர் வந்தபோது ஆள் வேறு ஊரில்.

பணம் பற்றிய பயம் என்றால், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணமும், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் திருப்ப வேண்டும் என்று யுஜிசி சொன்னது. தேதி வருடத்துக்கு வருடம் மாறும், அந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுப்பதற்கும் யுஜிசியின் 2018 அறிவிப்பில் தடை இருக்கிறது. ஆகவே இரண்டாவது இடத்தைக் கையில் வைத்திருப்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குச் செலவு இல்லை.

சும்மா கேட்பதில் என்ன தப்பு? நான் சிபாரிசு கேட்கவில்லையே.

உங்கள் மனதில் சிபாரிசு இல்லை என்பதை நம்புகிறேன். கேட்கப்படுபவர் காதில் அது எப்படி விழுகிறது என்பதுதான் பிரச்சினை. வட்டச் செயலாளர் போன் செய்து “அந்தப் பையன் விஷயம் என்னாச்சு?” என்று கேட்டால், கிளார்க்குக்கு அது விசாரிப்பாகவா கேட்கும்?

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதுதான் நடந்தது. சட்டமன்ற உறுப்பினர்களும் அறங்காவலர்களும் விசாரித்த மாணவர்களின் பெயர்களை ‘முதல் வகை’ என்று தனிப் பட்டியலில் வைத்திருந்ததை 2009-இல் சிகாகோ ட்ரிப்யூன் வெளிக்கொண்டு வந்தது. நாங்கள் விசாரிக்கத்தான் செய்தோம், அழுத்தம் கொடுக்கவில்லை என்பது விசாரித்தவர்கள் தரப்பில் வந்த பதில். அந்தப் பட்டியலில் இருந்த சிலர், தகுதி குறைவாக இருந்தும் உள்ளே போயிருந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவரும் வளாகத் தலைவரும் அதே ஆண்டு ராஜினாமா செய்தார்கள்.

நம் ஊரில் அரசு ஊழியர் என்றால் 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. அலுவலகத் தகவலை அனுமதியில்லாமல் வெளியே சொல்வது அதில் குற்றம். கேட்டவருக்கு ஒன்றும் ஆகாது, சொன்னவர் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

சில கேள்விகளைத் தாராளமாகக் கேட்கலாம்: “அடுத்த லிஸ்ட் என்றைக்கு? எத்தனை இடம் காலி? என் விண்ணப்பத்தில் ஏதாவது குறை இருக்கிறதா?” இவற்றை அலுவலக நேரத்தில், அலுவலக எண்ணில் யாரும் கேட்கலாம். இதற்குச் சொந்தக்காரர் தேவையில்லை. சொல்லப்போனால் மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் உபயோகமானது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஒருவர் “சீட் ரெடி, லிஸ்ட்ல பேர் பார்த்துட்டேன். மேலிடத்துக்குக் கொடுக்க இரண்டு லட்சம் வேணும். கிடைக்கலேன்னா பணம் வாபஸ்” என்கிறார். வாபஸ் தருவதாகச் சொல்கிறாரே, நஷ்டம் என்ன?

வாபஸ் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் அவருடைய மொத்த வியாபாரமும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். பத்துப் பேரிடம் தலைக்கு இரண்டு லட்சம் வாங்குகிறார். அவர் செய்வது ஒன்றுமே இல்லை. பத்துப் பேரில் மூன்று பேருக்கு அவரவர் மார்க்கிலேயே சீட் கிடைத்துவிடும். அந்த மூன்று பேரும் “பார்த்தியா, சொன்னபடி வாங்கிக் கொடுத்தார்” என்று ஊரெல்லாம் சொல்வார்கள். ஆறு லட்சம் அவருக்கு. மீதி ஏழு பேருக்கு, அவர் நாணயமான ஏமாற்றுக்காரராக இருந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்த வருடத்துக்கு அதுவே விளம்பரம். நாணயம் குறைந்தவராக இருந்தால் “அடுத்த வாரம், அடுத்த மாசம்” என்று இழுத்து, பாதியைக் கொடுத்து, மீதியைக் கேட்க நீங்களே கூச்சப்படும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

இவர்களுக்கு மூலதனம் முன்கூட்டித் தெரிகிற மாதிரியான தோரணை. முடிவு வர அரை மணி நேரம் முன்பு “வாழ்த்துகள், கிடைச்சாச்சு” என்று மெசேஜ் அனுப்பினால் போதும், குடும்பமே காலில் விழும். பத்துப் பேருக்கும் அதே மெசேஜ்தான் போயிருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. சீட் கிடைக்காதவர்களுக்கு “கடைசி நிமிஷத்துல மினிஸ்டர் கோட்டாவுல தூக்கிட்டாங்க” என்று ஒரு கதை தயாராக இருக்கும். ஒற்றைச் சாளர ஒதுக்கீட்டில் மினிஸ்டர் கோட்டா என்று ஒன்று கிடையாது.

அசல் மார்க் ஷீட்டைக் கேட்பது, உங்கள் லாகின் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கேட்பது மூன்றில் ஒன்று வந்தாலும் பேச்சை நிறுத்துங்கள். பாஸ்வேர்டு கையில் இருந்தால் உங்கள் விருப்ப வரிசையை மாற்றி, கமிஷன் தரும் கல்லூரியை மேலே போட்டுவிட முடியும்.

இன்னொன்று. பொது ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. மிரட்டி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு மட்டும் பாதுகாப்பு. செல்வாக்கைப் பயன்படுத்தித் தருகிறேன் என்று பணம் வாங்கும் இடைத்தரகரும் இதே சட்டத்தில் வருவார்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

ஆன்லைனில் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ரொக்கமாகப் போயிருந்தால் மெசேஜ், ஆடியோ, ரசீது, சாட்சி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். “ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம்” என்று உட்கார்ந்திருப்பதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் கல்லூரிக்காரர்களே போன் செய்து “செலக்ட் ஆகிட்டீங்க, இன்றைக்குள் கட்டுங்க” என்கிறார்களே?

அது முடிவறிவிப்பு இல்லை, விற்பனை. தனியார் பொறியியல் கல்லூரிகளில் 65 சதவீதம் (சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50) அரசு ஒதுக்கீட்டுக்குப் போகும், மீதி நிர்வாகத்தின் கையில். அந்த இடங்களை கவுன்சிலிங் தொடங்கும் முன்பே நிரப்பிவிட அவர்களுக்கு அவசரம். உங்கள் கட்-ஆஃபுக்கு அதே கல்லூரி, அதே பிரிவு கவுன்சிலிங்கிலேயே கிடைக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. மேலே சொன்ன ரேங்க் கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். ரசீது இல்லாத டொனேஷன் 1992-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டப்படி தடை, எல்லோருக்கும் தெரிந்த ரகசியமாக இன்னும் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் என் அண்ணனுக்கு ஒரு பேராசிரியரைத் தெரியும்.

இளங்கலை என்றால் பேராசிரியருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அது அட்மிஷன் அலுவலகத்தின் வேலை. முன்னாள் மாணவர் என்ற முறையில் நேர்காணல் செய்தவருக்கும் தெரியாது, அவர் அறிக்கை அனுப்புவதோடு சரி. ஆராய்ச்சிப் படிப்பு என்றால் கதை வேறு. உங்களை எடுத்துக்கொள்ளப் போகும் பேராசிரியர் “பரிந்துரைத்திருக்கிறேன்” என்று முன்பே எழுதுவது அங்கே சகஜம். அப்போதும் பல்கலைக்கழகக் கடிதம் வரும் வரை விசாவுக்கு அது காகிதம் ஆகாது.

முறையாகவே முன்கூட்டிச் சொல்வதும் உண்டு. ஐவி லீக் எனப்படும் அமெரிக்காவின் பெயர்பெற்ற எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரர்களுக்கும் மிகச் சிறந்த சிலருக்கும், முடிவு நாளுக்கு முன்பே “பெரும்பாலும் உங்களுக்கு இடம் உண்டு” என்ற பொருளில் கடிதம் அனுப்பும். அதை அவர்களே அனுப்ப வேண்டும், கேட்டு வாங்க முடியாது.

பிரிட்டனில் நம் பிளஸ் டூ மாதிரியான ஏ-லெவல் முடிவு ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை வரும். பள்ளிகளுக்கு முந்தைய நாளே வந்துவிடும், பல்கலைக்கழகங்களுக்கு அதற்கும் முன்பே. ஆனால் காலை நேரம் வரும் வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. லண்டனில் டீச்சராக இருக்கும் அத்தையிடம் புதன்கிழமை மாலை போன் செய்து தர்மசங்கடப்படுத்தாதீர்கள்.

இணையதளத்தில் யூஆர்எல்லை மாற்றிப் போட்டால் முன்பே பார்க்கலாம் என்கிறார்கள்.

2005 மார்ச்சில் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பித்த சிலர் அதைத்தான் செய்தார்கள். பல கல்லூரிகள் பயன்படுத்திய விண்ணப்ப மென்பொருளில் ஓட்டை இருப்பதை ஒருவர் இணையத்தில் எழுதிவிட, முடிவு நாளுக்கு முன்பே தங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். பார்த்தது சொந்த முடிவைத்தான், யாருடைய மார்க்கையும் மாற்றவில்லை. பலருக்கு வெற்றுப் பக்கம்தான் தெரிந்தது. ஆனாலும் ஹார்வர்ட் 119 பேரையும் நிராகரித்தது, எம்ஐடியின் மேலாண்மைப் பள்ளி 32 பேரை. தேர்வாகியிருக்கக்கூடியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். தண்டனை கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது அவர்கள் வீடு, அவர்கள் சட்டம்.

அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 2002-இல், பிரின்ஸ்டன் அட்மிஷன் அலுவலகத்தைச் சேர்ந்தவர்களே யேல் பல்கலைக்கழகத்தின் முடிவுப் பக்கத்துக்குள் மாணவர்களின் பிறந்த தேதியும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் போட்டு நுழைந்து பார்த்து மாட்டிக்கொண்டார்கள். ஆர்வக்கோளாறு பிள்ளைகளுக்கு மட்டும் சொந்தமில்லை.

அதிகாரபூர்வ மெயிலே வந்துவிட்டால் கவலை இல்லையே?

பெரும்பாலும் இல்லை. ஆனால் 2009-இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், ஏற்கெனவே நிராகரித்த சுமார் 28,000 பேருக்கும் தவறுதலாக வரவேற்பு மெயில் அனுப்பிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. லாகினிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு லட்டு வாங்குங்கள்.

நான்தான் அந்த ‘உள்ளே இருக்கும் ஆள்’. சொந்தக்காரர்கள் கேட்கும்போது எப்படிச் சமாளிப்பது?

உங்கள் பாடுதான் பெரும்பாடு. சொல்லாவிட்டால் “பெரிய ஆபீசர் ஆயிட்டான்”, சொன்னால் மெமோ. ஜூன் மாதத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட நிம்மதியாக உட்கார முடியாது.

ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்வதுதான் வழி. “லிஸ்ட் சீல் ஆகும் வரை எனக்கே பார்க்க அனுமதி இல்லை, மாமா. ஒட்டினதும் முதல் போன் உங்களுக்குத்தான்.” சொன்னபடி ஒட்டிய உடனே போன் செய்துவிடுங்கள், பாதிக் கோபம் அதில் தீர்ந்துவிடும். ஒருவருக்குச் சொல்லி இன்னொருவருக்கு மறுத்தால்தான் குடும்பத்தில் தீராத பகை வரும். உங்கள் பிள்ளையோ உடன்பிறந்தவர் பிள்ளையோ அதே கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தால், அதை எழுத்தில் சொல்லி, அந்த வருடம் பட்டியல் வேலையிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால் அந்த ஒரு பக்கக் கடிதம் உங்களைக் காப்பாற்றும்.

எனக்கு முன்பே தெரிந்துவிட்டது, கிடைக்கவில்லை. மகளிடம் சொல்லலாமா, லிஸ்ட் வரும் வரை மறைக்கலாமா?

அவள் அடுத்து ஏதாவது செய்ய நேரம் இருக்கிறது என்றால் சொல்லுங்கள், “உறுதியில்லை, ஆனால் இப்படிக் கேள்விப்பட்டேன்” என்ற அளவில். செய்ய ஒன்றும் இல்லை, நாளைக்கு லிஸ்ட் என்றால், அவளே தன் போனில் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குச் சீட் கிடைக்காததைவிட, அம்மா, அப்பா, பெரியப்பா, எதிர்வீட்டு ஆன்ட்டி எல்லோருக்கும் தனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அதிகம் வலிக்கும்.

கிடைக்கவில்லை. என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்குக் கிடைத்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் அவர் எந்தப் பிரிவில், எந்த ஒதுக்கீட்டில் வந்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். பிறகும் சந்தேகம் என்றால், ரேங்க் பட்டியலுக்குப் பின் குறை சொல்லக் கொடுக்கும் நாட்களுக்குள் எழுத்தில் கொடுங்கள், தாண்டினால் கஷ்டம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்ணைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒட்டிய பட்டியலை அன்றே போட்டோ எடுத்து வைத்திருந்தால் மனு பலமாக இருக்கும்.

எல்லாச் சுற்றும் முடிந்துவிட்டது. இனி யாரைப் பார்க்க வேண்டும்?

யாரையும் இல்லை, அறிவிப்புப் பலகையை. பொறியியலில் பொதுச் சுற்றுகளுக்குப் பிறகு துணைக் கலந்தாய்வு நடக்கும். அதில் துணைத் தேர்வில் பாஸ் ஆனவர்களோடு, முன்பு இடம் கிடைக்காதவர்களும் புதிதாகப் பதிவு செய்து கலந்துகொள்ளலாம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், பொறியியலும் மருத்துவமும் கிடைத்தவர்கள் விலகுவதால் ஜூலை, ஆகஸ்டில் இடங்கள் திறக்கும். அப்போது கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்கு நேரில் போய், காலியிடம் எந்தப் பிரிவில் என்று கேட்டு, அசல் சான்றிதழ்களும் இரண்டு செட் ஜெராக்ஸும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அன்றே அட்மிஷன் ஆவது வருடா வருடம் நடக்கிறது. காலை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மூன்றையும் மறக்க வேண்டாம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அங்கே பக்கத்துக் கடையில் எடுத்துக்கொள்ளலாம்.